மணல்மூட்டையும் உன் அக்காவும்

அன்புக்குரிய மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாய். ஆகவே, நானும் உன் அக்காவும் இருக்கிறோம், நீங்கள் அங்கே அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டிருந்துதானே ஆக வேண்டும்?

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக நான் ஜிம்முக்குப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போன வாரம் அங்கே நான் குனிந்தபோது என் கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. எனக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதில் பத்துப் பன்னிரண்டு வாலிபப் பிள்ளைகள். ஜிம் மாஸ்டர் பெரிய மனது உள்ளவர், போய்ப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். கிழிந்த பிறகு சத்தத்தைக் கூட்டி என்ன பயன்? ஆனாலும் அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

எல்லாம் நீ போனில் சொன்ன அந்த வார்த்தையால் வந்தது. "அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. சாக்ஸ் போடறதுக்கே உங்களுக்கு மூச்சு வாங்குது. நீங்க எப்படி அக்காவைத் தூக்கி உட்கார வைப்பீங்க? இங்க ஒரு இல்லம் இருக்கு, தூக்கறதுக்கு மிஷின் இருக்கு, நர்ஸ் இருக்காங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மச்சான். சாக்ஸ் விஷயம் உண்மை, அதனால்தான் நான் செருப்புக்கு மாறினேன். அடுத்த மாதம் அவளை அழைத்துப் போக டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். அந்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்வதற்குத்தான் இத்தனை பெரிய கடிதம்.

உன் அக்காவைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டுமா? கல்யாணமான மறுவாரமே விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போனவள். மழைக்கும் நின்றதில்லை, காய்ச்சலுக்கும் நின்றதில்லை. கேஸ் சிலிண்டரைத் தள்ளுபவள் அவள், பீரோவை நகர்த்துபவள் அவள், "பாத்து, பாத்து" என்று நாற்காலியிலிருந்து ஆலோசனை வழங்குபவன் நான். யாருக்காக இந்த ஓட்டம், ஒலிம்பிக்கில் கூப்பிட்டிருக்கிறார்களா என்று நான் கேலி செய்தால், "சிரிங்க, நல்லா சிரிங்க. இந்த உடம்போட ஒருநாள் நீங்க விழத்தான் போறீங்க. அன்னைக்கு உங்களை யாரு தூக்குறது? அதுக்குத்தான் ஓடறேன்" என்பாள். மச்சான், முப்பது வருஷம் ஒருத்தி என்னைத் தூக்குவதற்காக உடம்பை வளர்த்திருக்கிறாள். நானோ, என்னைத் தூக்குவது அவளுக்குச் சிரமமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வளர்த்திருக்கிறேன். ரத்த அழுத்தம் எனக்கு, கொழுப்பு எனக்கு, படியேறினால் திணறல் எனக்கு. பக்கவாதம் மட்டும், விலாசம் தப்பிய தபால் மாதிரி, அவளுக்கு வந்தது. ஓடிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. விளையாடுகிறாள் என்று நினைத்து, "என்ன, உன் வண்டிக்கும் பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டேன். அந்த ஜோக்கை இன்றுவரை என்னால் திரும்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, ஆம்பிளைதானே என்று கட்டிலிலிருந்து அவளைத் தூக்கினேன். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரண்டு பேரும் விழுந்து, நான் கீழே, அவள் மேலே. எழுந்திருக்க அவளால் முடியவில்லை, அவளை நகர்த்த என்னால் முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூசியா? பெருக்கறேன்னு சொன்னீங்களே" என்றாள். பிறகு, "இங்கயே குடித்தனம் நடத்திடலாம், வாடகை மிச்சம்" என்றாள். மாடிவீட்டு பஸ் டிரைவர் வந்து, காய்கறிப் பையை எடுப்பதுபோல் அவளை எடுத்து நாற்காலியில் வைத்தார். நான் ஆபீஸ் போனதும் அவளைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவிதான் உனக்குப் போன் போட்டுப் பற்றவைத்தவர் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து காலையில் நாற்காலியில் உட்கார வைப்பதும் மாலையில் கட்டிலில் விடுவதும் டிரைவர்தான். தங்கமான மனிதர். ஆனால் அவர் தூக்கும்போதெல்லாம் உன் அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். அவருக்கு டியூட்டி நீண்டுபோனால் உட்கார்ந்தபடியே கழுத்து சாய்ந்து தூங்கிவிடுவாள். "பஸ் லேட்டுன்னா நான் ஸ்டாப்புலயே நிக்க வேண்டியதுதானே" என்று சிரிப்பாள். உன் வார்த்தையோடு அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் என்னை ஜிம் படி ஏற வைத்தது.

"டார்கெட் என்ன சார்? வயிறு குறையணுமா, கை ஏறணுமா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"என் வீட்டுக்காரியைத் தூக்கணும்."

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்து, "கல்யாண நாள் வருதா சார்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சாக்கு எடுத்து வந்தார். "அம்மா என்ன எடை சார்?" ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். அந்த எடைக்கு மணலைக் கொட்டி, வாயை என்னையே கட்டச் சொன்னார். "முதுகை வளைக்காதீங்க. உட்கார்ந்து, கட்டிப் பிடிச்சு, கால்ல இருந்து எழும்புங்க. என்னைக்கு இதை இடுப்புக்குக் கொண்டு வர்றீங்களோ, அன்னைக்கு அம்மாவைத் தொடலாம்."

எனக்கு அங்கே ‘மூட்டை மாமா’ என்று பெயர். முதல் மாதம் மூட்டை அசையவில்லை, நான்தான் அதைச் சுற்றி அசைந்தேன். அடுத்த மாதம் முழங்கால்வரை வந்தது. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தேன். "ஃபைலைத் தலையில சுமக்கறீங்களா, இப்படி வேர்க்குது?" என்று உன் அக்கா கேட்டாள். என்னோடு போட்டிக்கு அவளும் டயட் ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது. நாலு ஸ்பூன் வாங்கியதும் "வயிறு ரொம்பிடுச்சு" என்று வாயை மூடிக்கொள்கிறாள். மோதிரம் கழன்று கழன்று விழுகிறது என்று நூல் சுற்றிக் கொடுத்தேன். பழைய நைட்டியெல்லாம் துவைத்துத் துவைத்துத் தோளில் தொளதொளவென்று ஆகிவிட்டது, நீ வரும்போது, தப்பு, நீ வர வேண்டாம், பார்சலில் நாலு புது நைட்டி அனுப்பு.

இப்போது முக்கியமான செய்தி. இந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வரவில்லை. முழங்காலை மடக்கி, கட்டிப் பிடித்து, கால்களிலிருந்து எழும்பினேன். மச்சான், உன் அக்கா வந்துவிட்டாள்! பூ மாதிரி வந்தாள். எனக்கு ஒரு இழுப்பு மூச்சுகூட வாங்கவில்லை. நல்ல கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அடேயப்பா! பயில்வான்தான்!" என்றாள். "இறக்கிடாதீங்க, அப்படியே ஜன்னல்கிட்ட கொண்டு போங்க" என்றாள். கொண்டு போனேன். தெருவில் அவளோடு தினமும் ஓடின பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள், திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ஏந்திக்கொண்டே நின்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடவில்லை. இனி அவளைத் தூக்க மிஷின் எதற்கு, இல்லம் எதற்கு? மிஷின் அவளை ஜன்னலுக்குக் கொண்டு போகுமா?

ஆகையால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கோபித்துக்கொள்ளாதே. தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, அத்தையின் கால்களோடும், மாமாவின் வயிறு இல்லாமலும் வளர ஆசீர்வாதம்.

உன் அன்பு அத்தான்,
பயில்வான் (பட்டம் வழங்கியவர் உன் அக்கா)

பி.கு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடப் போகும் வழியில், பெருமையடிக்க ஜிம்முக்குள் நுழைந்தேன். எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு நிற்க வைத்து மூட்டையைக் கட்டிப் பிடித்தேன். முழங்காலைத் தாண்டவில்லை. மறுபடியும் பார்த்தேன், முழங்கால்தான். "மூட்டையை மாத்திட்டீங்களா மாஸ்டர்?" என்றேன். "அதே மூட்டைதான் சார், முடிச்சுகூட நீங்க போட்டதுதான்" என்றார். இந்த முறை அவர் பாட்டைக் கூட்டவில்லை, நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "ஜன்னல்கிட்ட உங்க முகத்தைப் பாத்தேனே, அப்போ எப்படிங்க சொல்றது?" என்றாள். டிக்கெட்டை ரத்து செய்யாதே, மச்சான். முடிந்தால் முன்னதாகவே வா. என் சந்தேகம் தீர மாஸ்டர் மூட்டையைத் தராசில் ஏற்றியும் காட்டினார். ஒரு பிடி மணல்கூடக் கூடவில்லை.