பதினாலாம் நம்பர்

மேனேஜரின் மேஜையில் ஹெச்.ஆர். மேடம் ஐந்து விண்ணப்பங்களைப் பரப்பி வைத்தார்.

"டீம் லீட் வேலைக்கு நீங்க பொறுக்கின அஞ்சு பேர். ஏதாவது தெரியுதா சார்?"

"எல்லாருக்கும் நல்ல அனுபவம்."

"எல்லாருக்கும் மீசை. அப்ளை பண்ணினவங்கள்ல பாதிப் பேர் பொண்ணுங்க."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. அவர் பாரபட்சம் பார்க்கிற ஆள் இல்லை. இதுவரை அப்படித்தான் நினைத்திருந்தார். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் வேறு.

"பேரையெல்லாம் கறுப்படிச்சுட்டு மறுபடி கொடுங்க மேடம்."

கொடுத்தார். மேனேஜரோடு ஒரு சீனியரும் உட்கார்ந்து பொறுக்கினார். அலுவலகத்துக்கு முதல் சர்வர் வந்த நாளிலிருந்து இருப்பதால் அவருக்கு 'சர்வர் மாமா' என்று பேர். இந்தத் தடவையும் ஐந்தும் ஆண்கள்.

"அது எப்படி மாமா?" என்றார் மேனேஜர்.

"மகளிர் கல்லூரின்னு போட்டிருந்தா தெரியாதா? இதோ பாருங்க, இவங்களுக்கு நடுவுல ரெண்டு வருஷம் இடைவெளி. பிரசவமாத்தான் இருக்கும். திரும்பி வந்து என்னத்த வேலை பாப்பாங்க?"

ஹெச்.ஆர். மேடம் தன் பட்டியலைப் பார்த்தார். "அது ஆம்பளை சார். பைக்ல இருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருந்தவர்."

"அட பாவம், அப்போ எடுத்துக்கலாமே," என்றார் மாமா.

மறுநாள் கல்லூரி, கம்பெனி, தேதி எல்லாவற்றுக்கும் மை பூசினார்கள். மிஞ்சியது வரிக்குதிரைத் தோல். அதை வைத்துக்கொண்டு ஆளைப் பொறுக்க முடியவில்லை. சரி, எல்லாரிடமும் போனில் பேசிவிடலாம் என்று குரலை மாற்றும் மென்பொருள் ஒன்றைப் போட்டார் மேனேஜர். வந்த குரல் ஒவ்வொன்றும் ஜலதோஷம் பிடித்த தவளை. மாமா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் கேட்டார். ஒருவர் தன் குரலின் எதிரொலியையே கேட்டு, "யாருங்க குறுக்கே பேசறது?" என்று நாலு தடவை சண்டை பிடித்துவிட்டு லைனைத் துண்டித்தார்.

நொந்துபோய் வீட்டுக்கு வந்த மேனேஜரிடம் மனைவி கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "குரலே ஆகாதுன்னா எழுதச் சொல்லுங்களேன். இதுக்குப் போய் இவ்வளவு பாடா?"

ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பேரே கேட்காத விண்ணப்பம். ஆளுக்கு ஒரு நம்பர். கேள்வி, பதில் இரண்டும் திரையில் டைப் அடித்துத்தான். யார் எந்த நம்பர் என்று ஹெச்.ஆர். மேடத்துக்கே தெரியாது.

பழக்கதோஷத்தில் மாமாவின் விரல்கள் முதல் கேள்வியை அடித்தன: 'குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?' ஆணா பெண்ணா தெரியாததால் பதினேழு பேருக்கும் அது போனது.

ஆறாம் நம்பர், 'எனக்கு எதுக்கு சார் குழந்தை பிறக்கப் போகுது?' என்று பதறியது. பதினாலாம் நம்பர் மட்டும், 'கேட்டவர் விட்டாரா?' என்று அடித்தது.

மாமா நாற்காலியில் நெளிந்தார். "எனக்கு மூணு," என்றார், யாரும் கேட்காமலே. "ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."



கீபோர்டை வாங்கிக்கொண்ட மேனேஜர் நிஜமான ஒரு சிக்கலைக் கொடுத்தார். கூட்டம் சேர்ந்தால் உறைந்துபோகும் இணையதள முன்பதிவுப் பக்கம். மூன்று வாரமாக அவர் டீமைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் பக்கம் பக்கமாக அடித்தார்கள். பதினாலாம் நம்பரிடமிருந்து வந்தது நாலே வரி நிரல். மாமா அப்போதே அதைப் போட்டுப் பார்த்தார். பக்கம் உறையவில்லை. இன்னும் கூட்டத்தை ஏற்றினார். அசையவே இல்லை.

"பையன் கில்லாடி," என்றார் மாமா.

"பையன்னு எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

மாமா அந்த நாலு வரியை மறுபடி படித்தார். பிறகு மெதுவாக, "யாரா இருந்தாலும் இவங்கதான்," என்றார். மேனேஜருக்கு மனசு நிறைந்துவிட்டது. முதல் தடவையாக ஒரு வேலையை நியாயமாகச் செய்திருக்கிறோம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லி அந்த நம்பருக்குத் தகவல் போனது. மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார். மாமாவும் பக்கத்தில் நின்றார். கதவைத் திறந்துகொண்டு வரவேற்பறைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் மட்டும் உள்ளே வந்தாள், கையில் எழுதாத விசிட்டர் கார்டோடு.

"பதினாலாம் நம்பர் வந்துட்டாங்க சார், ஆனா கார்டு வேண்டாங்கறாங்க. ஏழு வருஷமா உங்க டெஸ்டிங் டீம்லதான் இருக்காங்களாம். அந்த நாலு வரியை மூணு வாரத்துக்கு முன்னாடியே உங்களுக்கு மெயில்ல அனுப்பியிருந்தாங்களாம்."