கருப்பட்டி கடித்ததற்குக் கோத்தகிரியில் என்ன அழுகை?

நாவலப்பிட்டி,
புரட்டாசி சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி செல்லச்சாமிக்கு,

அக்கா இரத்தினம்மா எழுதுவது. இங்கே நானும் என் வீடும் சுகம். அங்கே நீயும் உன் முழங்காலும் உன் வாயும் சுகமா என்று அறிய ஆவல். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நீ என்னைப் பேச விட்டால்தானே? "அழாதேக்கா" என்று சொல்லிவிட்டு நீயே அழுகிறாய். கடிதத்துக்கு நடுவில் உன்னால் வாயைத் திறக்க முடியாது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக வரும். சொல்லப்போவது நேராக வரும்.

வீட்டை விற்றுவிட்டு தீபாவளிக்குள் கோத்தகிரிக்கு வந்து உன்னோடு குடியிருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாய். கட்டாரில் இருக்கிற என் மகனுக்கும் ஃபோன் கோல் எடுத்துச் சொல்லி, அவனும் தலையாட்டிவிட்டான். எல்லாம் எதனால்? உன் மகன் கிருபாகரனும் மருமகள் தர்ஷனாவும் போன மாதம் இலங்கை பார்க்க வந்து, என் வீட்டில் தங்கி, திரும்பிப் போய் உன்னிடம் சொன்ன கதையால். அந்தக் கதையை நானும் சொல்கிறேன், கேளு.

வந்த பிள்ளைகளுக்கு முதலில் பிளேன்டீ கொடுத்தேன். நல்ல இஞ்சி தட்டிப் போட்டு, உள்ளங்கையில் ஆளுக்கொரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி வைத்தேன். தர்ஷனா கையையும் பார்க்கிறா, கிளாஸையும் பார்க்கிறா, என் முகத்தையும் பார்க்கிறா. "பால் இல்லையா அத்தை?" என்றா. "பால் ஊத்தினா தேயிலை ருசி தெரியாதும்மா" என்றேன். பால்மா பெட்டி காலியாகத்தான் இருந்தது, அது வேறு கதை. "சீனியைக் கலக்கித் தர மாட்டீங்களா?" என்றா. "கடிச்சுக் குடிக்கணும், அதுதான் இங்க முறை" என்றேன். அந்தப் பிள்ளை கண் கலங்கி, தன் துண்டில் பாதியை உடைத்து என் கையில் வைத்து, "நீங்களும் சாப்பிடுங்க அத்தை" என்றா பாரு! ஐயோ பாவம், சீனிக்கே பஞ்சம், துண்டு துண்டாக அளந்து கொடுக்கிறாங்க என்று நினைத்திருக்கிறா. அவ அங்கே பிறந்தவ, அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டு நீ அழுதாயே, உனக்குமா தெரியாது? பதினாறு வயது வரைக்கும் நீ எப்படியடா தேத்தண்ணி குடித்தாய்? உன் துண்டைத் தின்று முடித்துவிட்டு என் கையில் இருக்கிறதையும் பிடுங்கித் தின்கிறவன்தானே நீ? போதாததற்கு, கதிர்காமம் கும்பிட வந்த உங்கள் ஊர்க்காரர் தலையில் ஒரு சீனி மூட்டையை ஏற்றி அனுப்பியிருக்கிறாய். அந்த மனுசன் ஸ்டேஷனிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டை விசாரித்து விசாரித்து வந்ததில், இரத்தினம்மா வீட்டுக்கு இந்தியாவிலிருந்து நிவாரணம் வந்திருக்கிறது என்று ரோடு முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டு றம்ஸியா வந்து, "ஏன் இரத்தினம்மாக்கா, ஒரு வார்த்தை சொன்னா நாங்க தர மாட்டோமா?" என்று கோபித்துக்கொண்டு போனா.

அடுத்தது ஆஸ்பத்திரி. கிருபாகரன் சந்திக் கடையில் கொத்துரொட்டியை ஆசைக்கு மேல் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "பிரைவேட்டுக்குப் போவோம் அத்தை, கார்டு இருக்கு" என்றான். விடுவேனா? எங்கள் நாட்டில் வைத்தியம் எப்படி என்று காட்டுகிறேன் வா என்று கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கியூவில் நின்றபடியே, "ஒரு சதம் கேக்க மாட்டாங்க, பாத்துக்க!" என்று சத்தமாகத்தான் சொன்னேன், நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று. உள்ளே போனதும் டொக்டர் அவனுக்கு ரெண்டு குளிசை எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் அம்மா இப்படி மூச்சு வாங்குது?" என்று பிரஷரை அளந்தார். அவ்வளவுதான், என்னை வாட்டுக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். வயிற்றுவலிக்காரன் பழம் வாங்கிக்கொண்டு வந்து என்னைப் பார்க்கிறான்! நான் கட்டிலில் படுத்திருக்கிற படத்தை எடுத்து உங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது உன் மருமகள். என் இலவச வைத்தியத்துக்கு நான் காட்டிய சாட்சி, உனக்கு என் கஷ்டத்துக்குச் சாட்சியாகிவிட்டது. அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாரு. துவைத்த விரிப்பு, மாத்திரை, சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் தெரியும். சிங்கள நர்ஸ் மிஸ்ஸி என் தலையைக் கோதி "ஆச்சி அம்மே" என்று கூப்பிட்டது மட்டும் படத்தில் தெரியாது.

உங்கள் ஊரில் பொம்பளைகளுக்கு பஸ் சும்மா, ரேஷன் அரிசி சும்மா, இளநி வாங்கினாலும் ஃபோனைக் காட்டினால் போதும் என்கிறாய். இருக்கட்டும், சந்தோஷம், நான் வயிறெரியவில்லை. இங்கேயும் என் பேத்தி மதுஷா பேராதனைக் கம்பஸில் சும்மாதான் படிக்கிறா. சனி ஞாயிறு அவ வந்து இறங்குகிற வீடு இது. இதை விற்றால் பிள்ளை எங்கே வருவா? "தட்டுப்பாடு வந்தப்போ கேஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள் கணக்கா ரோட்டில் நின்னீங்களே" என்று குத்துகிறாய். நின்றோம், இல்லையென்று யார் சொன்னது? எனக்கு முன்னால் றம்ஸியா நின்றா, எனக்குப் பின்னால் கோர்ட்டுக்குப் போகிற லோயர் ஐயா வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்றார். உன் எழுபது வயதுக்குள் ஒரு நாளாவது ஒரு லோயர் உனக்குப் பின்னால் நின்றிருக்கிறாரா, சொல்லு!

ரெண்டு நாடும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டதில் அப்பாவுக்கும் உனக்கும் இந்தியப் பிரஜாவுரிமைப் பேப்பர் வந்தது. கல்யாணமாகிப் போன எனக்கு இலங்கைப் பேப்பர் வந்தது. யாரும் நம்மைக் கேட்கவில்லை. நீ தலைமன்னார் ரயிலில் ஏறினாய், நான் நின்றேன். இங்கே என்னை இந்தியாக்காரி என்றவர்களுக்கு நான் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது இந்தத் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஐம்பது வருஷமாக அங்கே இருக்கிறாயே, உன் தெருவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? சிலோன் காலனி! அங்கே வந்து நானும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? முடியாது. இந்த வீடு விற்பனைக்கு இல்லை, நானும் இல்லை. இதுதான் முடிவு. இனி இந்தப் பேச்சை எடுத்தால் ஃபோனை வைத்துவிடுவேன்.

உன் பெண்சாதிக்கு என் அன்பு. கிருபாகரனையும் தர்ஷனாவையும் நல்லா இருக்கச் சொல்லு, அந்தப் பெண்ணுக்கு மனசு தங்கம். உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் ஞாபக சக்தியும் கிடைக்க முருகனை வேண்டும்,

அக்கா,
இரத்தினம்மா.

பி.கு.: நேற்று கண்டிக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துவிட்டு வந்தேன். சிரிக்கக் கூடாது என்றார்கள், எனக்கு வசதியாகப் போயிற்று. தீபாவளிக்கு வர்றேன். குடியிருக்க இல்லை. உன் மூஞ்சியை நேரில் பார்த்து ஐம்பது வருஷம் ஆச்சுடா, அதுக்கு. கிருபாகரனிடம் சொல்லி டிக்கெட் போடச் சொல்லு. போகும்போது ஒன்று போதும். திரும்பி வரும்போது ரெண்டு போடச் சொல்லு. இங்கே பின்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று.