திவாலாகத் தகுதியற்றவர்

பஞ்சு முதலாளி தம் கம்பெனியை மூடிவிடத் தீர்மானித்ததில் யாரும் குற்றம் காண முடியாது. நாட்டில் பொருளாதார நெருக்கடி. ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் குறைந்தார்கள். அதனால் விடுதிகளில் தங்குகிறவர்கள் இல்லை; தங்குகிறவர்கள் இல்லாததால் விடுதிகளுக்கு மெத்தை தேவைப்படவில்லை. அவர் செய்து விற்றது மெத்தை. மக்கள் தூங்காமல் இல்லை, ஆனால் பழைய மெத்தையிலேயே தூங்கினார்கள். கடன்பட்டவர்கள் அதுவும் செய்யவில்லை.

கொட்டகையில் தையல் மெஷின்கள் உறை போர்த்தி நின்றன. பஞ்சு மூட்டையின் மேல் ஒரு பூனை குடும்பம் நடத்தியது.

"மெஷினை வித்து எங்க சம்பளப் பாக்கியைக் கொடுத்துடுங்கண்ணே" என்றாள் மேஸ்திரி அக்கா. அவள் முதலாளியைவிட இளையவள்தான். ஆனாலும் தையல் பிரிவை அவள் நடத்திய தோரணையில் அவர் உட்பட எல்லோருக்கும் அக்காவாகிவிட்டாள்.

"எனக்கும் அதுதான் ஆசை. மெஷினெல்லாம் பேங்க்ல அடமானம் இருக்கே அக்கா. நானா வித்தா உள்ள தள்ளிடுவாங்க. திவால்னு எழுதிக் கொடுத்துட்டா அரசாங்கமே வித்து, முதல் பங்கு தொழிலாளிக்குத்தான் கொடுக்கும்."

"அப்ப எழுதிக் கொடுத்துட்டு வாங்க. நம்ம வெட்டுக்காரர் வீட்டுச் சாமானை ஓனர் தெருவுல வைக்கப் போறாராம்."

துணி வெட்டுகிறவர் தம் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி அன்றே கிளம்பிவிட்டார்.

திவால் மனுக்களை வாங்கும் நலிவுத் தீர்வகம் மூன்றாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்க நாற்காலிகள் போட்டிருந்தார்கள்; ஒன்றிலும் ஆள் இல்லை. உள்ளே அதிகாரி, விருந்தாளியைக் கண்ட மகிழ்ச்சியோடு நிமிர்ந்தார்.

"சார், என் கம்பெனி திவாலாயிடுச்சு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"நான் ஆறுதலுக்கு வரலை சார். நிஜமாவே ஆயிடுச்சு."

"நானும் ஆறுதல் சொல்லலை, சட்டத்தைச் சொல்றேன். நெருக்கடி நேரத்துல எந்தக் கம்பெனியும் திவாலாகக் கூடாதுன்னு அவசரச் சட்டம் வந்தாச்சு. கடன் கொடுத்தவன் கேட்கக் கூடாது. வாங்கினவன் கையை விரிக்கக் கூடாது."

"கையில ஒண்ணுமே இல்லையே சார்."

"அதனாலதான் விரிக்காதீங்கன்னு சொல்றேன். மூடின கைக்குள்ள என்ன இருக்குன்னு சட்டம் பார்க்காது."

"அப்ப இப்ப நான் யாரு?"

"நலமுடன் இயங்கும் நிறுவனம்" என்றார் அதிகாரி. பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார். "போன வருஷம் இங்க வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். இப்ப பாருங்க, ஈ காக்கா இல்லை. பொருளாதாரம் எப்படித் தேறிடுச்சு."

முதலாளி, நலமுடன் இயங்கும் நிறுவனமாகப் படியிறங்கினார். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாததால் நடந்தே கொட்டகைக்கு வந்தார்.

செய்தி கேட்டதும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்காதான் முதலில் பேசினாள். "நல்லா இருக்கற முதலாளி எதுக்குச் சம்பளம் தரலைன்னு ஊர் கேட்குமேண்ணே?"

"கேட்கக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு."

வெட்டுக்காரர் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். மெதுவாக அருகில் வந்து, "அண்ணே, எங்களுக்காக எப்படியாவது திவாலாயிடுங்கண்ணே" என்றார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முயற்சி செய்வதாக வாக்குக் கொடுத்தார்.

வழி கண்டுபிடித்தவர் அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. அந்தப் பிள்ளை முதலில் தன்னம்பிக்கைப் பேச்சாளராக இருந்தார். அப்புறம் உடல் எடையைக் குறைத்துக் காட்டுகிறவரானார். இப்போது நிறுவன மீட்பு ஆலோசகர். அந்த வருஷம் அதுதான் நாகரிகம். சொந்தத் தொழிலில் மூழ்கியவர்கள் எல்லோரும் அடுத்தவர் தொழிலைக் கரையேற்றுகிறோம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள்.

"மாமா, நெருக்கடி நேரத்துல திவாலாகக் கூடாதுன்னுதானே சட்டம்? நெருக்கடிக்கு முன்னாடியே ஆயிருந்தா செல்லும்."

"முன்னாடி நான் நல்லா இருந்தேனேப்பா. மந்திரி கையால விருதுகூட வாங்கினேனே."

"அங்கதான் சிக்கல். நாடே செழிச்சப்பவும் நீங்க உருப்படலைன்னு தீர்ப்பாயத்துல நிரூபிக்கணும். உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க, நீங்க அப்பவே முட்டாள்தான்னு சாட்சி சொல்லணும். ஆள் கிடைக்கிறது கஷ்டம்."

கஷ்டமாகவே இல்லை. நூல் வியாபாரி தம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பக்கத்துக் கொட்டகைக்காரர் கூப்பிடாமலே வந்தார். சிறு வயதுச் சிநேகிதர் ஒருவர் வெளியூரிலிருந்து சொந்தச் செலவில் வந்து, "இவன் பள்ளிக்கூடத்துலயே இப்படித்தான்" என்று தொடங்கினார். அது வழக்குக்குத் தேவையில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

மனைவி மட்டும் தயங்கினாள். "எவ்வளவு நேரம் பேசலாம்?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அவள் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்த அன்று முதலாளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏங்க, மனசுல வச்சுக்காதீங்க. நம்ம ஆளுங்க சம்பளத்துக்காகத்தானே சொன்னேன்."

"எல்லாம் பொய்தானே?"

"பொய்ச் சாட்சி சொன்னா தண்டனை உண்டாமே" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

இத்தனை சாட்சிகளையும் தூக்கிச் சாப்பிட்டது தாலாட்டு மெத்தைதான். செழிப்பான நாட்களில், எல்லாப் பொருளும் தானாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற மோகம் ஊரைப் பிடித்து ஆட்டியது. குடை பேசியது, செருப்பு நடந்த தூரத்தைச் சொன்னது. மைத்துனரின் யோசனைப்படி முதலாளி, புரண்டு படுத்தால் தாலாட்டுப் பாடும் மெத்தையைச் செய்தார். வாங்கியவர்கள் தூக்கத்தில் புரண்டார்கள், மெத்தை பாடியது, விழித்துக்கொண்டார்கள். அதற்குத்தான் புதுமைச் செம்மல் விருது கிடைத்தது.

தீர்ப்பாயத் தலைவர் கனத்த சரீரி, நியாயவான். கேள்விப்பட்டதை நம்பமாட்டேன் என்று மெத்தையை மண்டபத்திலேயே விரிக்கச் சொல்லித் தாமே படுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம், கண் சொக்கியது. லேசாகப் புரண்டார். மெத்தை உச்சக் குரலில் தாலாட்டியது. தலைவர் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இதைச் செய்தவர் நீர்தானா?"

"ஆமாங்க ஐயா."

"இதற்கு விருது கொடுத்தவர்கள்?"

அரசு வக்கீல் அவசரமாக எழுந்தார். "அது இந்த வழக்கின் வரம்புக்குள் வராது ஐயா."

"வராது" என்று தலைவரும் உடனே ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. 'மனுதாரர் நெருக்கடிக்கு நெடுநாள் முன்னதாகவே, பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, பூரண மூடத்தனத்துடன் தொழில் நடத்தி நலிவுற்றார் என இத்தீர்ப்பாயம் மனநிறைவுடன் முடிவு செய்கிறது.' தொழிலாளர்கள் கை தட்டினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிறர் தூண்டுதல் ஏதுமின்றி" என்ற இடத்தில் மைத்துனர் பெருமூச்சு விட்டார்.

மெஷின்கள் ஏலம் போயின. சம்பளப் பாக்கி கைக்கு வந்தது. வெட்டுக்காரர் வீட்டுச் சாமான் வீட்டுக்குள்ளேயே இருந்தது. முதலாளிக்கு மூடர் என்ற பட்டம் முதலில் உறுத்தியது; ஆனால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. இரண்டையும் எடை போட்டுப் பார்த்து, லாபம்தான் என்று முடிவுக்கு வந்தார். தொழிலில் அவர் சரியாகப் போட்ட முதல் கணக்கு அதுதான் என்று மனைவி சொன்னாள்.

விஷயம் பரவியது. தீர்வகத்து வாசலில் மறுபடியும் வரிசை ரோட்டுக்கு வந்தது. வெற்றியின் ரகசியம் என்று மேடைக்கு மேடை முழங்கிய கோடீஸ்வரர்கள், தங்களுக்கு எந்த ரகசியமும் தெரிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயாரானார்கள். 'முன்கூட்டியே மூடராவது எப்படி' என்று மைத்துனர் வகுப்பெடுத்தார், உட்கார இடமில்லை. மூடர் மனு போடாத வியாபாரியைச் சம்பந்தி வீட்டார் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அரசாங்கம் கவலைப்பட்டது. மனுக்களைக் கூட்டிப் பார்த்தால், நெருக்கடியில் ஒருவரும் விழவில்லை. பொற்காலம் என்று அரசாங்கமே தம்பட்டமடித்த வருஷங்களில்தான் ஊரே விழுந்திருக்கிறது. இது வெளியே தெரிந்தால் அசிங்கம். எனவே ஒரு திருத்தம் வெளியாயிற்று. நெருக்கடியானது பொற்காலத்தின் முதல் நாளிலிருந்தே தொடங்கியதாகக் கொள்ளப்படும்.

திருத்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரி கொட்டகைக்கே வந்தார். முதலாளியும் மேஸ்திரி அக்காவும் சாவியை இடத்துக்காரரிடம் ஒப்படைக்கத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க திவால் ரத்தாயிடுச்சு" என்றார் அதிகாரி. "நீங்க விழுந்ததாச் சொன்ன நேரமும் இப்ப நெருக்கடிக்குள்ள வந்துடுச்சு. மறுபடியும் நீங்க நலமுடன் இயங்கும் நிறுவனம்."

முதலாளி வெறுங்கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "மெஷினே இல்லையே சார்."

"அது உங்க உள் நிர்வாகம். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நாங்க வாங்கின சம்பளம்?"

"சட்டப்படி திருப்பித் தரணும்" என்றார் அதிகாரி. அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "ஆனா நெருக்கடியில யாரும் பாக்கியைக் கேட்கக் கூடாதே. அதனால நான் கேட்கலை. நீங்களும் நான் சொன்னதா வச்சுக்காதீங்க."

"அப்பாடா" என்று முதலாளி, கூட்டிக் கட்டிய குப்பை மூட்டை மேல் உட்கார்ந்தார். "அப்ப என்னை முட்டாள்னு சொன்ன தீர்ப்பும் ரத்துதானே சார்?"

"திவால்ங்கற பகுதி மட்டும்தான் ரத்து. மூடத்தனம்ங்கற பகுதி நிக்குது. அதுக்குக் கால வரையறை கிடையாது."

துடைப்பத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள். "சார், அது பொற்காலம்னு ரேடியோவுல சொன்னப்ப நாங்க எல்லாம் நம்பி இனிப்பு வாங்கிக் கொடுத்தோமே. நாங்க என்ன கணக்கு?"

"தனித்தனியா மூடர் மனு போட்டா பரிசீலிப்பாங்கம்மா. ஆனா உடனே கிடைக்காது. ஊரே போட்டிருக்கு." அதிகாரி கிளம்புவதற்காகப் பையை மாட்டிக்கொண்டார். முதலாளியைப் பார்த்தபோது அவர் குரலில் லேசாகப் பொறாமை தெரிந்தது. "நானும் போட்டுட்டுக் காத்திருக்கேன். எங்க இலாகாவுல மந்திரியோட மனுவே இன்னும் மேசைக்கு வரலை."