தொண்ணூறு டிகிரி அத்தான்

மனித குலத்தில் ஆயத்தக்காரர்கள் என்று ஒரு தனி இனம் உண்டு. தயவுசெய்து இவர்களைச் சோம்பேறிகளோடு சேர்த்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். சோம்பேறி எதையும் செய்யமாட்டான். ஆயத்தக்காரர் விடிந்ததிலிருந்து ஓயாமல் செய்துகொண்டே இருப்பார், செய்ய வேண்டியதைத் தவிர.

உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். எனக்கு வாய்த்தவர் என் அக்காள் வீட்டுக்காரர். ஏழாவது மாடி அலுவலகத்தில் ஏசி குளிர் தாங்காமல் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கிறவர், கொசு கடித்தால் கடித்த இடத்தைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்புகிறவர், அப்பேர்ப்பட்டவரிடம் காட்டில் பிழைப்பதற்கென்றே செய்த கத்தி ஒன்று இருக்கிறது. எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். முக்கால் மணி நேரம் போயிற்று.

சங்கதி இதுதான். காட்டில் தீ மூட்டுவதற்கு ஃபயர் ஸ்டீல் என்று விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கம்பி விற்கிறார்கள். கத்தியின் முதுகை அதில் அழுத்திச் சுரண்டினால் பொறி பறக்கும். ஆனால் அந்தக் கத்தி கடையிலிருந்து வரும்போது முதுகின் விளிம்பு மழுங்கலாக இருந்தது. கம்பியில் வைத்தால் வழுக்கும். ஆகவே அரத்தால் ராவி, விளிம்பை நறுக்கென்று தொண்ணூறு டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அரை மணி நேர வேலை என்றார் கடைக்காரர். அத்தான் ஆறு வருஷமாகச் செய்கிறார்.

சனிக்கிழமை காலையானால் பால்கனி மேஜையில் வைஸ் என்கிற இரும்புப் பிடியை மாட்டி, கத்தியின் வெட்டும் பக்கத்துக்குத் துணி சுற்றி, அரத்தை ஒரே திசையில் தள்ளி, பிறகு சாணைக்கல்லில் பிசிறு எடுத்து, பிறகு உப்புத்தாளில் இழைத்து, பிறகு தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டத்தை முதுகில் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"வெளிச்சம் கசியுது பாரு, மச்சான்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம்.

அடுத்தது நகச் சோதனை. முதுகின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தால் வெள்ளையாகச் சீவல் உதிர வேண்டும். உதிர்ந்தது. "உதிருது, இல்லேங்கல. நடுவுல ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் யோசிக்குது" என்றார்.

"அத்தான், அந்தக் கம்பியில ஒரு தடவை உரசித்தான் பாருங்களேன்!"

"சேச்சே! முதல் பொறி காட்டுலதான்."

இந்தக் கூத்தில் பாதிக்கப்பட்டவள் ஒருத்தி உண்டு, அவருடைய மகள். ஆறாம் வகுப்பில் அவள் கேட்டாள்: "அப்பா, நாமளும் ஏரிக்கரையில கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமா?" அதற்காகத்தான் ஐயா கத்தியே வாங்கினார்! நல்ல மனசுதான், குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு விடுமுறையிலும் கத்தியின் முதுகு "இன்னும் வரல". அவளோ பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டாள். திங்கட்கிழமை வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிறாள்; இனி எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது. அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த சனிக்கிழமை போறோம். கத்தி வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

காலை ஆறு மணிக்கு நான் வேனோடு போய் நின்றேன். அக்கா முன்னால் ஏறினாள். மகள் பின்னால், அப்பாவுக்கு ஜன்னலோரம் இடம் விட்டு உட்கார்ந்தாள். அத்தான் பூட்ஸும் தொப்பியுமாக இறங்கி வந்தார், சந்தோஷமாகத்தான் வந்தார். வண்டியில் ஒரு காலை வைத்தவர், காலை வெயிலில் கத்தியை ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"ஒரே ஒரு பிசிறு. அஞ்சே நிமிஷம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டீரிங்கைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் கழித்து மகள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வைஸை மாட்டிட்டு இருக்காரு. நீங்க முன்னாடி போங்க, நான் பஸ்ல வந்துடறேன்னாரு." கதவைச் சாத்தினாள். "கிளம்பலாம், மாமா."

கிளம்பினோம். ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம், சுள்ளி பொறுக்கினோம். தீயை எப்படி மூட்டினோம்? தீப்பெட்டியால்தான். ஒரே குச்சி. சாயங்காலம் கடைசி பஸ் வந்து, திரும்பியும் போயிற்று. அவர் வரவில்லை. மகள் போன் போட்டாள். எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அப்பா, தீ பத்திக்கிச்சு. நல்லா எரியுது."

"எதால பத்த வெச்சீங்க?"

"தீப்பெட்டிப்பா."

"நனைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நனையலப்பா."

அத்தான் குரலில் ஒரு துள்ளல். "சரி விடு. இங்க வேலை முடிஞ்சுதும்மா! மட்டத்தை வெச்சா ஒரு பொட்டு வெளிச்சம் கசியல. அடுத்த வாரம் நாம போறோம், நீயும் நானும். முதல் பொறி நீதான் தட்டறே."

"அடுத்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேன்ப்பா."

"ஆமா... இல்ல?" என்றார் அத்தான். ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

காலையிலிருந்து அவரைத் திட்ட நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டுத் தீயில் ஒரு சுள்ளியைப் போட்டேன். பாவமாக இருந்தது.

அது கிடக்கட்டும், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, சாணைக்கல்லுக்குப் பிறகு எதற்கு உப்புத்தாள், வரிசையே தப்பாயிற்றே என்று உங்களுக்கு எங்காவது உறுத்தியதா? உறுத்தியிருந்தால் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் எழுந்து போய், உங்கள் வீட்டில் யாராவது உங்களோடு கிளம்பச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்களா என்று பாருங்கள்.