மேல்வீட்டுக்காரரின் வானிலை அறிக்கை

மலைமேல் மேகம் கூடுவதற்கு முன்பே அதற்காகப் பயந்து முடித்துவிடுகிற மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மேல்வீட்டுக்காரர்.

உண்மையான பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அமீரகத்தின் ஃபுஜைராவில் மலையடிவாரத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் டவர் கிரேன் ஆபரேட்டர். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவார். பகல் முழுக்க அந்தரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குடித்தனம். அதனால் மேல்வீட்டுக்காரர்.

நான் அங்கே ஜூனியர் எஞ்சினீயராகச் சேர்ந்தது அக்டோபரில். எனக்கு வானிலைப் பைத்தியம் உண்டு. போனில் நான்கு ஆப், நான்கும் நான்கு விதமாகச் சொல்லும், நான்கையும் நம்புவேன். முதல் வாரம், இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி திடீரென்று பேசியது.

“ஹலோ, கீழ்வீட்டு ஜனங்களே! மலைக்கு மேல மூணு மேகம் நிக்கிது. ஒண்ணு வெள்ளை. ரெண்டு சந்தேகம்.”

அந்த நொடியில்தான் எனக்கு யோசனை உதித்தது. என் கையில் ரேடார் படம். அவர் கண்ணில் முழு மலைத்தொடர். இரண்டையும் சேர்த்துத் தினமும் ஓர் அறிக்கை போட்டால் என்ன? சைட் வாட்ஸ்அப் குழுவில் அன்றே ஆரம்பித்துவிட்டேன். அறிக்கைக்கு அவசியமும் இருந்தது. இந்தப் பருவத்தில் காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். மதியம் மலைமேல் மேகம் பொங்கும். மூன்று மணிக்கு அது கரைந்துபோகும், இல்லையென்றால் புழுதியும் மின்னலுமாகக் கீழே இறங்கும்.

மேல்வீட்டுக்காரரின் அகராதியில் மேகம் மூன்று வகை: வெள்ளை, சந்தேகம், வில்லங்கம். சுத்த வெள்ளை மேகத்தை அவர் ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் அதற்கும் பதவி உயர்வு கொடுத்துவிடுவார். ஒருநாள் “வில்லங்கம்! வில்லங்கம்!” என்று அவர் அலறியதில் சைட்டே ஷெட்டுக்குள் ஓடியது. கடைசியில் அது கல்குவாரிப் புழுதி. ஃபோர்மேன் கான் பாய் பெஷாவர்க்காரர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற குரல்.

“க்யா பாய், பாதல் கிதர் ஹை? மேகம் எங்கே?” என்று கீழிருந்து கத்தினார்.

“மேகம் இல்லேன்னா நல்லதுதானே பாய்! அதுக்கு ஏன் கோவிக்கிறீங்க?” என்றது மேல்வீடு.

பயம் அவருக்கு வானத்தோடு நிற்காது. லீவில் ஊருக்குக் கிளம்பியவர், இஸ்திரிப்பெட்டியை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து, ஏர்போர்ட் போகும் வழியில் டாக்சியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் அறையில் இஸ்திரிப்பெட்டியே கிடையாது.

இறங்கும் நேரத்தில் ஒரு சடங்கு நடக்கும். செய்கிற ஒவ்வொரு வேலையையும் வாக்கி-டாக்கியில் உரக்கச் சொல்வார். “கொக்கி மேல. ட்ராலி உள்ள. பிரேக் விட்டாச்சு, பிரேக் விட்டாச்சு, பிரேக் விட்டாச்சு. கலாஸ்!” கீழே எல்லோரும் கோரஸாகக் கூடவே கத்துவார்கள். நான்தான் அதில் உரத்த குரல்.

பிரேக்கை விடுவது என்றால் என்ன என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. காற்று அடித்தால் கிரேனை இறுக்கிப் பூட்டத்தானே வேண்டும்? இல்லையாம், மேல்வீட்டுக்காரர்தான் விளக்கினார். பூட்டினால் அந்த நீண்ட கை காற்றை முட்டிக்கொண்டு நிற்கும். காற்று தள்ளித் தள்ளிக் கிரேனையே சாய்த்துவிடும். பிரேக்கை விட்டுவிட்டால், காற்று போகிற பக்கம் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். சாய்ந்தால் எங்கே விழும் என்று கேட்கவே வேண்டாம். பக்கத்தில் எங்கள் கேம்ப். நைட் ஷிஃப்ட் ஆட்கள் பகலெல்லாம் அங்கேதான் தூங்குவார்கள்.

ஒருநாள் மதியம் நான்கு ஆப்பும் அதிசயமாக ஒரே குரலில் பேசின. மேல்வீடும் பேசியது. “தம்பி, வில்லங்கம். நெசமாவே வில்லங்கம். நான் எறங்குறேன்.” குரலில் வழக்கமான அலறல் இல்லை.

“கொக்கி மேல. ட்ராலி உள்ள.”

அந்த நேரம் பார்த்து நான் அவர் போனுக்கு அடித்தேன். “அண்ணே, மேகம் மலையிலேர்ந்து எறங்குறத ஒரு வீடியோ எடுங்களேன். குரூப்ல போடணும்.”

“இப்பவா?”

“பத்து செகண்டுண்ணே.”

எடுத்தார். நல்ல வீடியோ. கறுப்புச் சுவர் ஒன்று மலையை விழுங்கிக்கொண்டே வந்தது.

கீழே வந்து தரையில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமில்லை. “தம்பி, பிரேக்கு விட்டனா?”

“விட்டிருப்பீங்கண்ணே.”

“சொன்னேனா? காதுல விழுந்துச்சா?”

நான் கான் பாயைப் பார்த்தேன். அவர், கொக்கியில் சுமை மாட்டிவிடும் ரிக்கரைப் பார்த்தார். அத்தனை நாளும் கோரஸ் பாடிய ஒருவர் காதிலும் அன்று அந்த வார்த்தை விழவில்லை. பாதியில் நான் போன் அடித்திருந்தேன்.

அவர் மறுபடி ஏணியைப் பிடித்தார். மலைக்கு மேல் மின்னல் கிழித்தது. கான் பாய் அவரை இடுப்போடு தூக்கிக் கீழே வைத்தார். “மத் ஜாவ்! மர் ஜாயேகா! போகாதே, செத்துடுவே!”

“அப்ப கேம்ப்ல ஆளுங்க தூங்குதே பாய்! விடுங்க என்னைய!”

நான் ஓடினேன். கதவு கதவாகத் தட்டினேன். கான் பாய் சாப்பாட்டுத் தட்டை எடுத்து அடித்துக்கொண்டே வந்தார். கைலியும் பனியனுமாக, பாதித் தூக்கத்தில் திட்டிக்கொண்டே எல்லோரும் ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போனார்கள். கடைசி ஆள் தாண்டும்போது புழுதி வந்து எங்களை மூடியது.

காற்று அடித்தது. கிரேனின் கை அசையவில்லை.

மேல்வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது. நான் போனைப் பார்க்கவே இல்லை; மேலேயே பார்த்தேன். என் பத்து செகண்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு காற்று. படுத்திருக்கும் எருமை தலையைத் திருப்புவதுபோல, மெல்ல, சோம்பலாக, அந்த நீண்ட கை திரும்பியது.

ரோட்டில் எழுந்த கூச்சலில் இடி கேட்கவில்லை. கான் பாய் கையில் கிடைத்தவர்களுக்கெல்லாம் முத்தம் கொடுத்தார், எனக்கும் ஒன்று. மேல்வீட்டுக்காரர் சிமெண்ட் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். மழையில் நனைந்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் திரும்பவும் அந்தக் கலவரம்.

“அது கெடக்கட்டும் தம்பி. மேல ஜன்னலச் சாத்துனேனா?”

இப்போது அவர் ராஸ் அல் கைமாவில் வேறொரு கிரேனில் இருக்கிறார். இன்று மதியம் அங்கே மலைமேல் மேகம் கூடும், மூன்று மணிக்குமேல் இறங்கலாம் என்று ஆப்கள் சொல்கின்றன. காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் இப்போது கூப்பிடமாட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, ஏணி இறங்கி, தரையில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பார் என்று தோன்றும்போது, ஐந்தரைக்குமேல், ஒருமுறை அடித்துப் பார்க்கப்போகிறேன். எடுத்து என்னைத் திட்டினால் போதும்.