இந்திரஜித் வீட்டைத் தொலைத்த காலை

இந்திரஜித் தன் வீட்டைத் தொலைத்துவிட்டான்.

வீட்டுச் சாவியைத் தொலைக்கிறவன் ஊரில் நாலு பேர் உண்டு. இவன் வீட்டையே தொலைத்தான். நாலு சுவர், தகரக் கூரை, உள்ளே ஒரு பெண்டாட்டி, எல்லாம் சேர்த்து. காலை எட்டரை மணிக்கு. ஹல்துமுல்லைக்கு மேலே, மலைச்சரிவில், ஏழு பேர்ச் அளவுள்ள துண்டு நிலத்தில், நேற்று வரைக்கும் ஒழுங்காக நின்ற வீடு.

அவன் பின்னால் பவாஸ் சேர். பதுளையில் சித்திரம் படிப்பிக்கிறவர். ‘கட்டடமும் நிலமும்’ என்று அடுத்த மாதம் அங்கே நடக்கிற நவீன ஓவியக் கண்காட்சிக்குப் படம் தெரிவு செய்கிறவரும் அவர்தான். சந்தையில் தாயை விடாத பிள்ளை மாதிரி இந்திரஜித்தின் சட்டை நுனியைப் பிடித்திருந்தார்.

"இந்திரஜித், இந்தத் தண்ணிப் பீலியை இப்ப மூணாவது தடவை பாக்குறோம்."

"இது வேற பீலி சேர்."

"அதே ஒடஞ்ச நீல வாளிதானே இருக்கு?"

தப்பு முழுக்க அவன் பேரில்தான். பதுளை பஜாரில் பதினொரு வருஷமாகப் போர்டு எழுதுகிறான். புடவைக்கடைக்காரர் பெயர், பல் டாக்டர் பெயர், கோழிக்கடைக்காரர் பெயர். தன் பெயரை ஒரு இடத்திலும் எழுதியதில்லை. கண்காட்சிக்குத் தெரிவானால் படத்துக்குக் கீழே அவன் பெயர் இருக்கும். அதற்காகப் புது வீட்டின் மேலேயே படம் வரைந்தான். வீடு மலைமேல் உட்காரக் கூடாது, மலைக்குள் கரைய வேண்டும் என்பது அவன் கொள்கை. கீழே தேயிலைப் பச்சை, கோடு கோடாக. நடுவில் பாறைச் சாம்பல். கூரையில் பனிமூட்டத்தின் வெள்ளை. கதவு, ஜன்னல் என்று தனியாக எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றின் மேலும் அதே கோடுகள்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "எப்ப பெயிண்ட் அடிக்கப் போறீங்க?"

அவன் மனைவி ஜெயந்தினி அதைக்கூடக் கேட்கவில்லை. ஒருநாள் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள், மூட்டத்தில் சொந்த வீட்டைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"கதவுக்காவது வேற கலர் அடிங்க."

"அது தனியாக் கத்தும்டி. படமே கெட்டுரும்."

"நான் கத்துறது கேக்கலியா?"

அவனுக்குக் கேட்கவில்லை. கலைஞன்.

இன்றைய மூட்டம் பள்ளத்திலிருந்து மெதுவாக ஏறி வந்திருந்தது. தேயிலையை வரிசை வரிசையாக விழுங்கியது. மரங்களின் கால்களை எடுத்துக்கொண்டு தலைகளை மட்டும் மிதக்கவிட்டது. எங்கேயோ ஒரு சேவல் கூவியது, மேலேயா கீழேயா என்று தெரியவில்லை. நாம் நடக்கிறோமா, நாம் நிற்க மலைதான் நடக்கிறதா என்று சந்தேகம் வந்தது. அழகு. பொய் சொல்லக் கூடாது, அழகுதான். ஆனால் காலைச் சாப்பாடு இல்லாமல் எவ்வளவு நேரம் அழகாக இருக்கும்?

"ஜெயந்தி!"

"என்னங்க?" வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எங்கடி இருக்க?"

"வீட்டுல."

"வீடு எங்க இருக்கு?"

"நீங்க எங்க கரைச்சீங்களோ அங்க."

பவாஸ் சேர் இருமினார்.

"வெளையாடாத. சேர் வந்திருக்காரு. வழி சொல்லு."

"ஐயோ, வாங்க சேர், வாங்க! அப்படியே நேரா வாங்க. ஒரு தண்ணிக் கான் வரும், தாண்டுங்க. பொறகு வலது கைப் பக்கம்."

நேராக வந்தார்கள். கானைத் தாண்டினார்கள். சேரின் இடது கால் மட்டும் தாண்டவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீரோடு வலது பக்கம் திரும்பினால், தேயிலை.

"செடிதான்டி இருக்கு!"

"அப்பக் கூடத் தூரம் வந்துட்டீங்க. பின்னுக்குப் போங்க. கோவாப் பாத்திய மிதிச்சிறாதீங்க."

மிதித்துவிட்டார்கள். சேரின் சப்பாத்துக்கு அடியில் ஒரு முட்டைக்கோஸ் நசுங்கியது.

"இப்ப?"

"இப்ப அங்கயே நில்லுங்க. ஒரு அஞ்சு நிமிசம்."

"எதுக்கு?"

"மூட்டம் வெலகட்டும்ங்க. என்ன அவசரம்?"

பேச்சுக்கு நடுவே சரக், சரக் என்று ஒரு சத்தம். தேங்காய் துருவுகிறாள் என்று இந்திரஜித் நினைத்தான். சேருக்கு ரொட்டி. எப்படிப்பட்ட மனைவி! அந்தக் குளிரிலும் கொஞ்சம் உருகினான்.

பள்ளத்திலிருந்து ஒரு காற்று வந்தது. வெள்ளை கிழிந்தது.

பத்தடி தூரத்தில், ஒன்றுமே இல்லாத வெளியில், ஒரு சிவப்புக் கதவு தனியாக நின்றது. சுவர் இல்லை. கூரை இல்லை. யாரோ மலைக்கே கதவு வைத்த மாதிரி. அதைத் திறந்தால் மலைக்கு உள்ளே போய்விடலாம் போல.

பக்கத்தில் ஜெயந்தினி, கையில் பிரஷ். கோயில் போர்டுக்கு அவன் வாங்கி வைத்திருந்த சிவப்பு, அவள் முழங்கை வரைக்கும். அவன் சேரைக் கூட்டிவர ரோட்டுக்கு இறங்கியதுமே தொடங்கியிருக்கிறாள். கடைசிப் பலகைக்குத்தான் நேரம் போதவில்லை. கானையும் கோவாவையும் சுற்ற வைத்தது அதற்குத்தான்.

இந்திரஜித் கத்த வாயைத் திறந்தான். அதற்குள் சேர் சட்டை நுனியை விட்டுவிட்டார்.

"அல்லாஹ்வே! முப்பது வருசமாப் படிப்பிக்கிறேன். மலை எங்க முடியுது, வீடு எங்க தொடங்குதுன்னு இப்படி ஒருத்தரும் காட்டல்ல. யார் செஞ்ச வேலை இது?"

திறந்த வாய் அப்படியே திசை மாறியது. "நான்தான் சேர்."

சேர் அவன் கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஜெயந்தினியின் கையைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி சேர், கதவு அவதான். ஆனா வீடு முழுக்க நான் செஞ்சது."

"எந்த வீடு?"

சேர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கண்ணைச் சுருக்கித் தேடினார். மூட்டம் மறுபடி இறங்கியிருந்தது. இந்திரஜித்தின் வேலை அவ்வளவு சுத்தம்.

சேர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இந்திரஜித் என்றிருந்ததை ஒரே கோட்டில் வெட்டினார். "உங்கட பேர் என்ன?" என்று ஜெயந்தினியைக் கேட்டு மேலே எழுதினார்.

"கண்காட்சி முடியிற வரைக்கும் இந்தக் கதவுல யாரும் கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டாருங்க சேர். நான் பாத்துக்குறேன்."

இந்திரஜித் அவள் காதோரம் போனான். "அடியே, இதுக்குத்தான் திட்டம் போட்டியா?"

"நான் வீட்டுக்கு வர ஒரு அடையாளம் வச்சேங்க. பேரு தானா வந்துச்சு."

பிறகு, கண்காட்சியில் மாட்டுவதற்குப் போட்டோ. ஜெயந்தினியைக் கதவுக்கு நடுவில் நிற்க வைத்தார் சேர். இந்திரஜித் ஓரத்தில், சுவரோடு. ஓவியர் என்று பார்த்ததும் தெரியட்டும் என்று வேலைச் சட்டையோடுதான் வந்திருந்தான், பச்சையும் சாம்பலும் தெறித்த சட்டை. சேர் போனைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"உங்கட வீட்டுக்காரர் எங்க போனார்?"

"உங்க முன்னாலதான் சேர் நிக்கிறாரு. ஏங்க, கொஞ்சம் பல்லு தெரியச் சிரிங்க. அப்பதானே ஆளு இருக்குறது தெரியும்?"

அவன் சிரிக்கவில்லை.