வலிக்காத ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறரை மணிக்குக் கண் விழித்த எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகு வலிக்கவில்லை.

இடது பக்கம் புரண்டு பார்த்தார். இல்லை. வலது பக்கம் புரண்டார். அங்கேயும் இல்லை. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி, பதினோரு வருஷமாகக் காலி செய்ய மறுத்துக் குடியிருக்கும் அந்த வலியைத் தேடு தேடென்று தேடினார்.

"என்னங்க, காலங்கார்த்தால சர்க்கஸ் பண்றீங்க?" என்றாள் மனைவி.

"வலியைக் காணோம்!"

"அடடா, நல்லதாப் போச்சு!"

"என்ன நல்லது? இத்தனை நாள் விட்டுட்டு இன்னைக்குப் போய்க் காணோம்ங்கிறேன்!"

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பத்து மணிக்கு நூலகத்தின் மாடி அறையில் ஒரு கூட்டம். 'வலியோடு எழுதுகிறோம்' என்று தலைப்பு. தீராத நோயோடு வாழும் எழுத்தாளர்கள் தங்கள் அனுபவத்தைப் பேசப்போகிறார்கள். இவர் தொடர்கதை எழுதும் வாரப் பத்திரிகைதான் ஏற்பாடு. நாலு பேச்சாளர்களில் இவர் கடைசி.

கேட்க வரப்போகிறவர்களில் இவருக்கு முக்கியமானவர் ஒரே ஒருவர்தான். மாமனார்.

முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக மகள் வீட்டில்தான் இருக்கிறார். மாப்பிள்ளையின் நோய்க்கு அவர் வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம். முதுகெலும்பு மூட்டுவாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டியபோது எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"முதுகுன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தான் செய்யும் மாப்பிள்ளை. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

அதோடு விட்டாரா? போன வாரம் தன் சிநேகிதரின் டைல்ஸ் கிடங்கில் மாப்பிள்ளைக்கு வேலையும் பேசி முடித்துவிட்டார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வாசலில் ஓர் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"உட்கார்ந்த இடத்துல வேலை. ராஜா மாதிரி இருக்கலாம்!"

அரை மணி உட்கார்ந்தாலே இடுப்பு இறுகிப்போகிற மனுஷருக்கு அது ஸ்டூல் இல்லை, கழுமரம். கடைசியில் மனைவிதான் அப்பாவிடம் ஒப்பந்தம் போட்டாள். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வந்து கேளுங்கப்பா. அதுக்கப்புறமும் இது சோம்பேறித்தனம்னு நீங்க சொன்னா, திங்கட்கிழமை நானே சாப்பாடு கட்டி இவரைக் கிடங்குக்கு அனுப்புறேன்."

"பேசாம அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் இப்போது. "இந்த வியாதி அப்படித்தான், ஒரு சில நாள் விட்டுக் கொடுக்கும்னு."

"வலிக்குதுன்னு பதினோரு வருஷமா சொல்றேன், நம்பலை. வலிக்கலைன்னு ஒரு தடவை சொல்லிப் பாரு. அந்த நிமிஷமே நம்பிடுவாரு!"

வேறு வழியில்லை. உண்மையான நோயாளி, நோயாளி வேஷம் கட்டத் தீர்மானித்தார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா… அப்பா…" என்று முனகியபடி கூடத்துக்கு வந்தார். மாமனார் ஜன்னலோரம் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முனகல் கேட்டதும், ஸ்டாண்டுக்குள் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி முழு உடம்போடு திரும்பினார்.

"நான் நாலு மணிக்கே எழுந்து தெருவை ஆறு சுத்து சுத்திட்டு வந்துட்டேன். மாப்பிள்ளைக்கு இப்பதான் விடிஞ்சுதாக்கும்."

"ரொம்ப வலி மாமா. நடக்கவே முடியலை."

மாமனார் உற்றுப் பார்த்தார். "நேத்து வரைக்கும் வலது பக்கத்தைப் பிடிச்சுட்டிருந்தீங்க. இன்னைக்கு இடது பக்கமா? என்ன, டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சா?"

எழுத்தாளர் கையை அவசரமாக வலது பக்கம் மாற்றினார். மாற்றிய வேகத்தைப் பார்த்து மாமனார் சிரித்தார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவள். வழியில் கடையைத் திறந்து, கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்காக ஒரு பொம்மைக்கு மாட்டியிருந்த இடுப்புப் பட்டையைக் கழற்றி வந்து கணவருக்குக் கட்டிவிட்டாள். "இது இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க," என்றாள்.

அந்தப் பொம்மையின் இடுப்பு இவரைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாவது தெரு திரும்புவதற்குள் பட்டை தளர்ந்து, தொடையில் இறங்கி, முழங்காலில் வந்து நின்றது. அதையும் பிடித்துக்கொண்டு நடந்ததில் நடை தத்தித் தத்தி அசல் நோயாளி நடையாகவே ஆகிவிட்டது. எழுத்தாளருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. மாமனார்கூட ஒரு தடவை, "மெதுவா, மெதுவா," என்றார்!

நூலகத்து மாடிப்படி பதினெட்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வீதம் ஏறினார். மாமனாரும் மனைவியும் பின்னால் வந்தார்கள். ஏழாவது படியில் கால் வைத்தபோது, மேலேயிருந்து கூட்டத்தின் அமைப்பாளரம்மா எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார், மன்னிச்சுக்கணும்! அச்சடிச்ச அழைப்பிதழ்ல உங்க பேர் மட்டும் விட்டுப்போச்சு!"

"என்னது?"

எழுதுகிறவனின் முதுகை ஒடிக்கலாம். அச்சில் பெயரை விடலாமா? மீதிப் பதினோரு படிகளை இரண்டிரண்டாகத் தாவி, மூன்றே விநாடியில் மேலே நின்றார். "எங்கே, காட்டுங்க! எந்த வரியில?" என்று அழைப்பிதழைப் பிடுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

இடுப்புப் பட்டை ஏழாவது படியில் கிடந்தது. அதைக் கையிலிருந்த குடையின் நுனியால் தூக்கிப் பிடித்தபடி மாமனார் நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, இதை விட்டுட்டுப் பறந்துட்டீங்களே!"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மாடி அறையை மாமனார் ஆச்சரியமாகப் பார்த்தார். சாய்வு நாற்காலி, மெத்தை வைத்த நாற்காலி, முதுகில்லாத ஸ்டூல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருக்கைகள். ஒரு மூலையில் பாய் விரித்து இரண்டு பேர் படுத்தே கேட்கத் தயாராக இருந்தார்கள். சுவரில் விதிகளை எழுதி ஒட்டியிருந்தார்கள். கைதட்டக் கூடாது, விரல் வலிக்கிறவர்கள் உண்டு. கையிலிருக்கும் காகிதத்தை ஆட்டினால் போதும். 'பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க' என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், முடிந்தவர்கள் எழுந்து உடம்பை நீட்டிக்கொள்ளலாம்.

"இது கூட்டமா, ஆஸ்பத்திரி வார்டா?" என்றார் மாமனார்.

"உட்காருங்க ஐயா," என்று அமைப்பாளரம்மா மெத்தை நாற்காலியை நகர்த்தினார்.

"வேண்டாம்மா. நான் உட்கார்ற ஆள் இல்லை." பின்சுவரோரம் போய் நின்றுகொண்டார். தன்னைக் குத்திக் காட்டத்தான் இந்த வீம்பு என்று எழுத்தாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகட்டும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அசையாமல் உட்கார்ந்தால் வலி தன்னால் வரும்! அறையிலேயே படுமோசமான இரும்பு ஸ்டூலைத் தேர்ந்தெடுத்து, மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வா கண்ணு, வா. பத்து நிமிஷத்தில் இடுப்புக்குக் கீழே லேசாக ஏதோ இறுகியது. வந்துட்டான்!

டிங்!

எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்திலிருந்த துப்பறியும் கதை எழுதும் அம்மாள் இவர் தோளைத் தொட்டார். "எழுந்திருங்க சார். ஒரே இடத்துல இருந்தா பிடிச்சுக்கும்."

"பிடிச்சுக்கட்டும்மா, பரவாயில்லை."

"ஐயோ, கூச்சப்படாதீங்க. நம்ம ஆளுங்கதானே!" என்று இரண்டு பேராகச் சேர்ந்து இவரைத் தூக்கி நிறுத்தி, இப்படி அப்படித் திருப்பி, வந்த வலியை வழியனுப்பி வைத்தார்கள். மணி ஐந்து தடவை அடித்தது. ஐந்து தடவையும் இதே கதை. ஆறாவது தடவை அடிப்பதற்குள் எழுத்தாளர் வாலிபனாகிவிட்டார்.

இதற்கு நடுவில் பேச்சுகளும் நடந்தன. துப்பறியும் அம்மாள் முதலில் பேசினார். "இதுவரைக்கும் அறுபத்து ரெண்டு கொலை பண்ணியிருக்கேன். ஆனா காலையில ஒரு ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க இந்த விரலால முடியாது. என் கதையில கொலைகாரன் எப்பவும் ஒன்பது மணிக்கு மேலதான் வருவான். அதுக்கு முன்னாடி என்னால பேனாவைப் பிடிக்க முடியாதே!" காகிதங்கள் படபடத்தன. தலைவலிக் கவிஞர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, வெளிச்சத்தைப் பற்றி எழுதிய நாற்பது கவிதைகளையும் ஜன்னலை மூடிவைத்துத்தான் எழுதியதாகச் சொன்னார். குழந்தைக் கதை எழுதுபவருக்குக் குடல் நோய். "எந்த ஊர் போனாலும் கோபுரத்தைக் கேக்க மாட்டேன், கழிப்பறை எங்கேன்னுதான் கேப்பேன்," என்றதும் அறையே குலுங்கியது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோடு சுவராக நின்றார்.

எழுத்தாளரின் முறை. பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். இடுப்பைப் பிடித்தபடி, இந்தத் தடவை சரியாக வலது பக்கத்தைப் பிடித்தபடி, மேடைக்குப் போய் முனகினார்.

"என் முதுகில் ஆயிரம் ஈட்டிகள்! நரம்பெல்லாம் நெருப்பு நதி! ஓ வலியே…"

மின்விசிறி சுழன்றது. பன்னிரண்டு பக்கமும் பறந்தது.

எழுத்து பறந்தால் எழுத்தாளர் சும்மா இருப்பாரா? குனிந்தார், தவழ்ந்தார், மேஜைக்கு அடியில் புகுந்தார், மறுபக்கம் வெளிவந்தார், ஒரு தாளைத் தாவிப் பிடித்தார். பன்னிரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அறையே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை!" பின்சுவரிலிருந்து குரல் வந்தது. "பஸ்ஸுக்கு அடியில புகுந்த மாதிரி இருக்கு, அப்படியே டயரையும் ஒரு தடவை பார்த்துடுங்க!"

மனைவி முகத்தைக் கைக்குட்டைக்குள் புதைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், திங்கட்கிழமை, ஸ்டூல், லாரி. எழுத்தாளர் தாள்களை மேஜைமேல் வைத்தார். இடுப்பிலிருந்து கையையும் எடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க. நான் காலையிலேர்ந்து நடிச்சுட்டிருக்கேன். இன்னைக்கு எனக்கு வலிக்கலை."

துப்பறியும் அம்மாள் துள்ளி எழுந்தார். "எத்தனை மணியிலேர்ந்து?"

"ஆறரையிலேர்ந்து."

"அட! நாலரை மணி நேரமா! எனக்குக் கடைசியா ஒண்ணரை மணி நேரம்தான் கிடைச்சுது!"

அறையே காகிதங்களை ஆட்டித் தீர்த்தது. கவிஞர் இவரைப் பார்ப்பதற்காகவே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பாயில் படுத்திருந்தவர், "வீணாக்காதீங்க சார்! போய் ஏதாவது மரத்துல ஏறுங்க!" என்று கத்தினார். எழுத்தாளருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பின்சுவரைப் பார்த்து நேராகவே பேசினார்.

"ஈட்டியெல்லாம் இல்லை மாமா. அதெல்லாம் கதைக்கு. விடியறதுக்கு முன்னாடியே இடுப்பு பலகை மாதிரி இறுகி முழிப்பு வந்துடும். புரண்டு படுக்கறதுக்கே திட்டம் போடணும். படுத்தா ஜாஸ்தியாகும், உட்கார்ந்தா ஜாஸ்தியாகும். எழுந்து சுவரைப் பிடிச்சுட்டு நடந்தா கொஞ்சம் கொஞ்சமா விடும். ராத்திரியே மாத்திரை போட்டு இழுத்துப் பிடிச்சு எட்டு மணி வரைக்கும் தூங்கப் பார்ப்பேன். அதைத்தான் நீங்க சோம்பேறித்தனம்னு சொல்றீங்க. அவ்வளவுதான் என் அனுபவம்."

மணி அடித்தது. யாரும் எழவில்லை. மாமனார் மட்டும் சுவரை விட்டு விலகி, நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக மேடைவரை நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நடந்தா விடும்னு சொன்னீங்களே, நிஜமாவா?"

"நிஜமா, மாமா."

"அதுவும் வியாதியில சேர்த்தியா?"

"அதுதான் மாமா இந்த வியாதியோட அடையாளமே. டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்டாரு."

மாமனார் சுற்றும்முற்றும் முழு உடம்போடு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குனியாமலேயே குரலை மட்டும் தாழ்த்திக் கேட்டார்.

"அப்போ மாப்பிள்ளை… மத்தவங்க எல்லாரும் காலையில வலிக்காமலா எழுந்திருக்கிறாங்க?"